நெஞ்சுக்குள் ஒரு கருவி, கண்டிக்கு எத்தனை பயணம்?

இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்கு வந்து சேராவிட்டால், கீழறை தன்பாட்டில் நிமிடத்துக்கு 30, 40 தடவைதான் அடிக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், சில வேளை ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். தேயிலை மலையில் கொழுந்தோடு ஒரு பெண் சாய்ந்தால் இரத்தக் குறைவு, வெறும் வயிறு, வெயில் என்றுதான் முதலில் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் காரணம் இதய மின்தடை என்றால் மாத்திரை போதாது, பேஸ்மேக்கர் வைக்க வேண்டும். மனித உடலுக்குள் முழுமையாகப் பொருத்தப்பட்ட முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8ஆம் திகதி சுவீடனில் ஆர்னே லார்சனுக்கு வைக்கப்பட்டது. ரூனே எல்ம்குவிஸ்ட் செய்த அந்தக் கருவி சில மணி நேரத்திலேயே நின்றுபோனது. லார்சனோ 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அதற்குள் அவருக்கு வைக்கப்பட்ட கருவிகள் 26. பேஸ்மேக்கர் என்பது ஒரு தடவை வைத்துவிட்டு மறந்துவிடும் பொருளல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களுக்கு எந்தப் புதிய கருவி உதவும் என்று யோசிக்கிறவர்களும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வழமையான பேஸ்மேக்கரில் இரண்டு பாகங்கள். காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், சிறு பை போல வெட்டி வைக்கப்படும் உலோகப் பெட்டி ஒன்று. அதிலிருந்து இரத்த நாளம் வழியாக இதயத்துக்குள் இறங்கும் மெல்லிய கம்பி இன்னொன்று. பெட்டிக்குள் இருக்கும் லித்தியம் பற்றரி எட்டுப் பத்து வருடம் உழைக்கும். பழுது அதிகம் வருவது கம்பியில். அது காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடையே நசிபடலாம், கை திரும்பத் திரும்ப அசைவதால் உறை தேயலாம், உடையவும் கூடும். நாள் முழுக்க இரண்டு கையையும் வீசிக் கொழுந்து பறித்து, பின்னால் தொங்கும் பாரத்தின் பட்டியைத் தலையிலோ தோளிலோ மாட்டிக்கொள்கிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. கம்பியே இல்லாத பேஸ்மேக்கர் வந்ததும் மருத்துவ உலகம் மகிழ்ந்தது இதனால்தான். 2016இல் அமெரிக்கா அனுமதித்த மைக்ரா 2.6 சென்ரிமீற்றர் நீளம்கூட இல்லை, எடை இரண்டு கிராம் அளவு. தொடை இரத்த நாளம் வழியாகக் குழாயில் கொண்டுபோய் இதயத்துக்குள்ளேயே பொருத்திவிடுவார்கள். நெஞ்சில் தழும்பும் இருக்காது, பெட்டியும் இருக்காது. மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று என வைத்து இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அவெயர் என்ற கருவிக்கு 2023இல் அனுமதி கிடைத்தது.

இவை அருமையான கருவிகள்தான். ஆனாலும் மலையகத்துக்கு முதலில் வேண்டியது வேறொரு முன்னேற்றம் என்பது என் கட்சி. பேஸ்மேக்கர் வைத்தவர் பற்றரியின் அளவையும் கம்பியின் நிலையையும் காட்ட, காலமெல்லாம் கண்டிக்குக் கிளினிக் போய்வர வேண்டும். நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். தோட்டத்திலிருந்து நுவரெலியாவுக்கு வரும் வழி தனி. போன நாளுக்கு வேலைப் பதிவில் பேர் கிடையாது. அந்த நாட்சம்பளம் (2024இல் அது 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டிருந்தது) போவதோடு, கூடப் போகும் மகனின் சம்பளமும் போகும். முதல் வருடம் ஒழுங்காகப் போகிறவர் பிறகு விட்டுவிட்டால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தொலைக் கண்காணிப்பு இந்தப் பயணத்தைத்தான் குறைக்கிறது. கருவி தன் பதிவுகளை வாசிப்பான் ஒன்றுக்குக் கொடுக்க, அது தொலைபேசி வலையமைப்பு வழியாக வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்கிறது. இப்படி இடைவிடாமல் கண்காணிக்கப்படுகிறவர் நேரில் வருவதை 24 மாதத்துக்கு ஒரு தடவை என நீட்டலாம் என்று 2023இல் சர்வதேச இதயத்துடிப்பு மருத்துவச் சங்கங்கள் கூட்டாகச் சொல்லியிருக்கின்றன.

லயன் காம்பிராவில் சிக்னல் எங்கே, ஸ்மார்ட் போன் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இணையம் வருவதற்கு முன்பே, 1970களில், நோயாளி நெஞ்சின்மேல் காந்தமொன்றை வைத்துச் சாதாரணத் தொலைபேசியில் தன் ஈ.சி.ஜி.யை அனுப்பும் முறை இருந்தது. காந்தம் வைத்தால் பேஸ்மேக்கர் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் துடிக்கும். பற்றரி இறங்கியதும் அந்த வேகம் குறையும். ஒரு கம்பனியின் கருவிகளில் 85 துடிப்பு 65 ஆகிவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். ஆகவே வாசிப்பான் ஒவ்வொரு காம்பிராவிலும் இருக்க வேண்டியதில்லை. டிஸ்பென்சரியில் ஒன்று, இந்திய உதவியில் கட்டி 2017இல் திறந்த டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் ஒன்று என வைத்தால், எவர் வந்தாலும் வாசித்து அனுப்பலாம். இடைவிடாத கண்காணிப்புக்கு இது ஈடாகாது, 24 மாத இடைவெளியும் இதற்குப் பொருந்தாது. ஆனால் கண்டிக்குப் போவதற்கும் எங்குமே போகாமல் விடுவதற்கும் நடுவில் ஒரு வழி கிடைக்கும். ஒரு கம்பனியின் கருவியை இன்னொரு கம்பனியின் வாசிப்பான் படிக்காது என்பது உண்மையான தடை. பேஸ்மேக்கர் வாங்கும்போதே வாசிப்பானையும் சேர்த்துக் கேட்பது கொள்வனவு செய்கிறவர்களின் வேலை.

கழிவறையும் நல்ல குடிநீரும் இல்லாத இடத்தில் இதெல்லாம் ஆடம்பரம் என்ற வாதத்தையும் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் அரச வைத்தியசாலையில் பேஸ்மேக்கர் வைப்பது இலவசம். அந்தச் செலவை நாடு ஏற்கனவே செய்துவிட்டது. கேட்பாரற்றுப் பற்றரி தீர்ந்து நின்றால் அந்தப் பணமும் வீண், உயிரும் போகும். மருந்துத் தட்டுப்பாட்டால் 2022 மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்த நேர்ந்ததை நினைத்தால், உள்ளே இருக்கும் கருவியை அதன் கடைசி மாதம் வரை கணக்காகப் பயன்படுத்துவது எவ்வளவு அவசியம் என்று புரியும். ஒரு எச்சரிக்கை: தொலைக் கண்காணிப்பு என்றால் எந்நேரமும் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. மயக்கம் வந்தால் 1990 அம்புலன்ஸ் சேவையைத்தான் அழைக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது பேஸ்மேக்கர் இருந்தால், வைத்த நாளில் கொடுத்த அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். கருவியின் கம்பனியும் மாதிரி எண்ணும் அதில்தான் இருக்கின்றன.