வலியின் கணக்கும் கையடக்கத் தொலைபேசியும்

காய்ச்சலை அளவிட வெப்பமானி உண்டு. குருதி அமுக்கத்தையும் குருதியிலுள்ள சீனியின் அளவையும் அறியக் கருவிகள் உண்டு. ஆனால், வலியை அவ்வாறு அளந்து காட்டும் கருவி இன்றுவரை வைத்தியர்களின் கையில் இல்லை. அதனை அனுபவிப்பவரின் வாய்மொழியே பிரதான சான்றாகும். மூன்று மாதங்களுக்கு மேலாக நீடிக்கும் அல்லது மீண்டும் மீண்டும் தோன்றும் வலியை நாட்பட்ட வலி என மருத்துவ உலகு வரையறுக்கின்றது. மூட்டுவாதம், முதுகு வலி, நீரிழிவினால் ஏற்படும் நரம்பு வலி என்பவற்றுடன், யுத்தத்தில் அவயவங்களை இழந்தோரும் உடலில் எறிகணைச் சிதறல்களைச் சுமந்து வாழ்வோரும் அனுபவிக்கும் வேதனையும் இதனுள் அடங்கும். இத்தகையோருக்கு உதவும் சாதனமாகக் கையடக்கத் தொலைபேசிச் செயலிகள் இன்று முன்வைக்கப்படுகின்றன. அவற்றினால் மெய்யாகவே பயன் உண்டா?

வலியைப் பொறுத்தவரை மனித நினைவு நம்பத்தகுந்ததல்ல. பெருங்குடல் அகநோக்கிப் பரிசோதனைக்கு உட்பட்ட 154 பேர் உள்ளிட்ட நோயாளர்களிடம் ரெடல்மியர், கானமன் ஆகிய இருவரும் நடத்திய ஆய்வு 1996 ஆம் ஆண்டில் வெளியானது. வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் காட்டிலும், அதன் உச்சக் கணமும் இறுதிக் கட்டமுமே நோயாளர்களின் நினைவைத் தீர்மானித்தன என அது காட்டியது. மாதமொருமுறை கிளினிக்கிற்குச் செல்பவர் வைத்தியரிடம் கூறுவது, ஒரு மாதத்தின் கணக்காக அன்றி முந்திய இரவின் கணக்காகவே அமைந்துவிடுவதுண்டு. அதனை நம்பியே மருந்தின் அளவு கூட்டப்படுகின்றது அல்லது குறைக்கப்படுகின்றது.

எனவே, உடனுக்குடன் பதிவு செய்வது அவசியமாகின்றது. அமெரிக்காவில் நாட்பட்ட வலியுடைய 80 பேரிடம் நடத்தப்பட்டு 2002 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், ஒரு சாராருக்குக் கடதாசிக் குறிப்பேடும் மறு சாராருக்கு இலத்திரனியல் குறிப்பேடும் வழங்கப்பட்டன. கடதாசிக் குறிப்பேட்டில், அது திறக்கப்படும் நேரத்தை அறியும் ஒளி உணரியொன்று மறைத்து வைக்கப்பட்டிருந்தது. உரிய நேரத்தில் எழுதப்பட்டதாகக் காட்டப்பட்ட பதிவுகள் 90 சதவீதம். உண்மையில் அவ்வாறு எழுதப்பட்டவை 11 சதவீதம் மட்டுமே. இலத்திரனியல் குறிப்பேட்டிலோ அது 94 சதவீதமாக இருந்தது. நேரத்தை நினைவூட்டுவதும், பின்னர் நிரப்ப இடமளிக்காததுமே அதன் பலமாகும்.

'மழைக்குணம் கண்டால் முழங்கால் உளைகிறது' என நமது மூத்தோர் கூறுவதுண்டு. இதே நம்பிக்கை பிரித்தானியாவிலும் உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகம் 2016 இல் ஆரம்பித்த ஆய்வில் 13,000 இற்கும் மேற்பட்டோர் இணைந்து, நாளாந்த வலியைத் தொலைபேசியில் பதிந்தனர். அவர்கள் இருந்த இடத்தின் வானிலையுடன் அது ஒப்பிடப்பட்டது. ஈரப்பதன் மிகுந்த, காற்றழுத்தம் குறைந்த, காற்று வீசும் நாட்களில் வலி சற்றுக் கூடுவதாக 2019 இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. சராசரி நாளில் வலி கூடும் வாய்ப்பு 100 இற்கு 5 எனக் கொண்டால், அத்தகைய நாளில் அது 6 ஆகும். மூத்தோர் கூற்றில் உண்மையுண்டு. எனினும், வலியின் முழுப் பழியையும் மழை மீது சுமத்திவிட முடியாது. உறக்கம், வேலைப்பளு, மனக்கவலை ஆகியவற்றில் தமது வலியைக் கூட்டுவது எது என்பதை ஒவ்வொருவரும் தமது பதிவிலிருந்தே கண்டறிய வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். மணிக்கொரு தடவை வலிக்கு இலக்கமிடுவது, கவனம் முழுவதையும் வலியின் மீதே குவித்துவிடக்கூடும். நாளொன்றுக்கு ஓரிரு பதிவுகள் பெரும்பாலானோருக்குப் போதுமானவை. இலக்கத்தை விட முக்கியமானது இயலுமை. சந்தைக்கு நடந்து செல்ல முடிந்ததா, தொழுகையில் சுஜூது செய்ய முடிந்ததா, கோயில் வீதியைச் சுற்றிவர முடிந்ததா என்பனவே குறிக்கப்பட வேண்டியவை. விழுங்கிய மாத்திரைகளும் பதியப்பட வேண்டும். தலைவலிக்காகச் சாதாரண வலி நிவாரணிகளை மாதத்தில் 15 நாட்களோ அதற்கு மேலோ தொடர்ந்து பாவித்தால், அம்மாத்திரைகளே தலைவலிக்குக் காரணமாகலாம். எனினும், பதிவைப் பார்த்துத் தாமாகவே மருந்தை மாற்றுவது ஆபத்தானது. கை கால் திடீரெனச் செயலிழத்தல், சிறுநீர்க் கட்டுப்பாட்டை இழத்தல் போன்றவை பதிவு செய்துகொண்டிருக்க வேண்டியவை அல்ல. உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டியவை.

இலவசமாகக் கிடைக்கும் செயலி நமது அந்தரங்கத்தை விலையாகப் பெறக்கூடும். மாதவிடாய்க் கணிப்புச் செயலியான ஃபுளோ, பாவனையாளர்களின் உடல்நலத் தகவல்களைப் பிற நிறுவனங்களுக்கு வழங்கியதாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2021 இல் குற்றஞ்சாட்டியது. தகவல் எங்கே செல்கின்றது என்பதை அறியாமல் அனுமதி வழங்கலாகாது.

உளைவு, குத்து, எரிவு, கடுப்பு, விறைப்பு என வலியை வகைபிரித்துக் கூறும் சொல்வளம் நம்மிடம் உண்டு. ஆனால், பெரும்பாலான செயலிகள் ஆங்கிலத்திலேயே வினவுகின்றன. நமது மருத்துவ பீடங்களும் சுகாதார அமைச்சும் தமிழிலும் சிங்களத்திலும் எளிய செயலியொன்றை உருவாக்க முன்வர வேண்டும். அதுவரை, பெற்றோரின் வலியை அவர்களது சொற்களிலேயே அன்றாடம் பதிந்து, வைத்தியரின் முன் வைக்கும் பொறுப்பைப் பிள்ளைகள் ஏற்கலாம். வலியை அளக்கக் கருவி இல்லாத நிலையில், உரிய நேரத்தில் பதியப்பட்ட சொல்லே நோயாளியின் பக்கம் நிற்கும் சாட்சியாகும்.