மடக்கு சைக்கிளின் பூர்வோத்தரம்

பழைய மடக்கு சைக்கிள் ஒன்று கைக்கு வந்து சேர்ந்தால், அதன் சட்டத்தில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு, அதுவே அதன் குலமும் கோத்திரமும் என்று தீர்மானித்துவிடுவது எல்லோருக்கும் சகஜம். ஆனால் 1960களின் இறுதியிலும் 70களிலும் இங்கிலாந்தில் தயாரான வண்டிகளைப் பொறுத்தவரை, பெயரைப் போல நம்பத்தகாத சாட்சி வேறொன்றில்லை என்பது என் அபிப்பிராயம். ட்ரையம்ப் என்றும், பி.எஸ்.ஏ. என்றும், ஹெர்குலிஸ் என்றும், பிலிப்ஸ் என்றும் பல முத்திரைகளோடு விற்பனையான சிறு சக்கர வண்டிகளில் அநேகம், நாட்டிங்ஹாம் நகரத்து ராலே கம்பெனியின் ‘ட்வென்டி’ என்ற ஒரே மாடல் பூண்ட வேஷங்கள்தாம்.

இதற்குக் காரணம் வியாபாரச் சரித்திரத்தில் இருக்கிறது. ட்ரையம்ப்பின் சைக்கிள் தொழிலை 1954-லும், பி.எஸ்.ஏ.யின் சைக்கிள் தொழிலை 1957-லும் ராலே வாங்கிக்கொண்டது. 1960-ல் ராலேயே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பெருங் குழுமத்தில் ஐக்கியமாயிற்று. ஹெர்குலிஸும் பிலிப்ஸும் அதற்கு முன்பே அந்தக் குழுமத்தைச் சேர்ந்தவை. அதே குழுமத்தின் கூட்டுறவோடு 1949-ல் ஆரம்பமாகி, அம்பத்தூரில் ஆலை நடத்திய டி.ஐ. சைக்கிள்ஸ் மூலமாகத்தான் இந்தப் பெயர்கள் நம் ஊர்களிலும் வேரூன்றின. ஆகையால் இப்பெயர்களைக் கண்டதும் நம்மவருக்கு ஒரு பரிச்சய உணர்ச்சி எழுவதில் வியப்பில்லை.

‘ட்வென்டி’யின் ஜனனமும் ஒரு போட்டியின் விளைவே. 1962-ல் அலெக்ஸ் மோல்டன் என்ற பொறியியல் அறிஞர், சிறு சக்கரங்களும் ரப்பர் சஸ்பென்ஷனும் கொண்ட நூதன சைக்கிளை வெளியிட்டு ஜயம் பெற்றார். அந்த யோசனையை அவர் முதலில் கொண்டுபோய்க் காட்டியபோது வேண்டாமென்று அனுப்பிவிட்ட ராலே, 1965-ல் தானும் ஒரு சிறு சக்கர வண்டியைக் கொண்டுவந்து, சஸ்பென்ஷனுக்குப் பதில் தடித்த டயர்களை மாட்டி ஒப்பேற்றப் பார்த்தது. அது மிதிப்பதற்குக் கனத்தது. 1967-ல் மோல்டனின் சைக்கிள் தொழிலையே விலைக்கு வாங்கிக்கொண்டு, 1968-ல் அந்த இரண்டு உபாயங்களையும் கைவிட்டுச் சாதாரண டயரும் இருபது அங்குலச் சக்கரமும் கொண்ட ‘ட்வென்டி’யை அது கொணர்ந்தது. அதன் ஒற்றைப் பெருங்குழாயின் நடுவே கீல் வைத்து மடக்கும்படி செய்ததே நம் விஷயம். மடக்கிய பின்னும் 15 கிலோவுக்கு மேல் கனக்கும் அதைக் கையில் தூக்கிக்கொண்டு ரயிலேறலாம் என்று நினைத்தவர்கள் ஏமாந்திருப்பார்கள். காரின் டிக்கிக்கு அது தோதானது.

அடையாளம் காண விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அவசரப்பட்டுத் தேய்க்காமல் இருப்பது. அழுக்கின் அடியில்தான் எண்கள் மறைந்திருக்கின்றன. அவசரக்காரர் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கும்போது துருவோடு சாட்சியமும் போய்விடுகிறது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பின்சக்கரத்து ஹப்பை மட்டும் மெல்லத் துடைத்தால், ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பெயரும், ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்துக்களும், அவற்றோடு சில இலக்கங்களும் தென்படும். இரண்டு இலக்கம் வருஷம், மற்றது மாதம். 71-ம் 8-ம் இருந்தால் அந்த ஹப் 1971 ஆகஸ்டில் பிறந்தது. சக்கரம் மாற்றப்பட்டிருந்தால் அந்தத் தேதி வண்டிக்குப் பொருந்தாது என்பதால், சட்டத்தில் பொறித்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். 1973 முதல் வந்த முறையில், முதலெழுத்து ‘என்’ என்றால் நாட்டிங்ஹாம், அடுத்த எழுத்து மாதம், பிறகு வரும் இலக்கம் வருஷத்தின் கடைசி எண்.

எண்கள் அழிந்திருந்தாலும் மனம் தளர வேண்டியதில்லை. பெடல் அச்சு ஓடும் குழாயின் அகலத்தை அளந்தால், பெரும்பாலான சைக்கிள்களில் 68 மில்லிமீட்டராக இருப்பது இதில் 76 இருக்கும். அந்தக் குழாயின் முனையில் திருகும் கப்பின் மரை, பெரும்பாலானவற்றைப் போல அங்குலத்துக்கு 24 அல்லாமல் 26. ஹேண்டில் தண்டின் மேற்புறத்தில் குண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நைலான் வளையம் இருக்கும். ஸ்டிக்கரை எவரும் மாற்றி ஒட்டலாம்; மரையை அப்படி மாற்ற முடியாது.

புனருத்தாரணம் என்றால் உடனே பெயின்ட் அடிப்பது என்று கருதுவோர் பலர். எனக்கு அதில் சம்மதமில்லை. தொழிற்சாலையில் பூசிய வர்ணம் கீறலோடு இருந்தாலும் மெழுகு பூசிக் காப்பாற்றுவதே கிரமம். ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. கீலை ஒட்டி வர்ணத்தில் மயிரிழை போன்ற துருக்கோடு தெரிந்தால், அங்கே வர்ணத்தைச் சுரண்டி, உலோகம் விரிசல் கண்டிருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும். விரிசல் உண்டென்றால் அந்த வண்டியில் ஏறவே கூடாது. நிக்கல், குரோமியம் பூசிய பாகங்களின் துருவை, அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் பெரும்பாலும் போக்கிவிடலாம்.

கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னைக் கழற்றுவதில்தான் ரிப்பேர்க்காரரின் சாமர்த்தியம் வெளிப்படும். கிராங்கின் அடியில் திடமான முட்டுக் கொடுக்காமல் சுத்தியலால் அடித்தால், அடியின் வேகம் முழுவதும் உள்ளே குண்டுகளுக்கும் கப்புக்கும் போய் அவற்றைச் சிதைத்துவிடும்; ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு பொறுத்திருந்து, அழுத்தித் தள்ளும் கருவியால் நகர்த்துவது உத்தமம். நைலான் வளையத்தைப் பலர் மட்டமாக நினைத்து உடனே எறிந்துவிடுகிறார்கள். சிறு சக்கர வண்டியில் ஹேண்டில் படபடவென்று ஆடாமல் தடுக்கும் சிறு இறுக்கத்தைத் தருவது அதுதான். தேய்ந்து லொடலொடத்தால் மாற்றலாம். டயர் வாங்கும்போதும் ஜாக்கிரதை வேண்டும்: 20 அங்குலம் என்று எழுதியிருப்பவற்றில் 451 மில்லிமீட்டர் ரிம்முக்கு உரியதும், 406-க்கு உரியதும் இருக்கின்றன, ஒன்று மற்றொன்றில் உட்காராது.

கடைசியாக, அந்த ஏ.டபிள்யூ. ஹப்புக்குள் இருக்கும் மூன்று கியர். ஹப்பின் நடுவே அசையாமல் நிற்கும் பற்சக்கரத்துக்கு 20 பற்கள். அதைச் சுற்றி வரும் நான்கு சிறு சக்கரங்களுக்கும் தலா 20. வெளி வளையத்துக்கு 60. இரண்டாம் கியரில் செயின் சக்கரமும் ஹப்பும் ஒன்றாய்ச் சுழல, இந்த விகிதத்தால் முதலாவதில் வேகம் கால் பங்கு குறையும். மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்கு கூடும். நெடுங்காலம் ஓடாமல் இருந்த ஹப்பாயினும், எண்ணெய்த் துவாரத்தின் வழியே இலேசான எண்ணெய் விட்டால் பெரும்பாலும் உயிர் பெற்றுவிடும். ஆனால் கேபிளைச் சரியாக இழுக்காவிட்டால், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் எதையும் பிடிக்காத ஒரு நிலை நேர்ந்து, நின்றபடி மிதிக்கிறவரின் கால் சட்டென்று வெறுமையில் இறங்கிவிடும். இதைத் தவிர்க்க, கியர் நெம்புகோலை இரண்டாம் கியரில் வைத்து, அச்சின் வலது முனையிலுள்ள நட்டின் துவாரத்தின் வழியே பார்த்தால், கேபிளின் சிறு சங்கிலியோடு இணைந்த மெல்லிய தண்டின் தோள்பகுதி அச்சின் நுனிக்கு நேராக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கேபிள் நட்டைத் திருகிச் சரிப்படுத்தி, மூன்று கியர்களிலும் பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்த்த பிறகே சாலையில் இறங்க வேண்டும்.