வீட்டில் பாட்டுப் பதிவு: எதற்குச் செலவு, எதற்கு வேண்டாம்?

தீபத்துக்கும் கிரிவலத்துக்கும் பாட்டுப் பதிவு செய்யப் பிள்ளைகள் கருவிகள் கேட்கிறார்கள். கடை முதலில் கை வைக்காமலே இதைச் செய்யலாம்.

1992-இல் வந்த 'ரோஜா' பாடல்களை ஏ.ஆர்.ரகுமான் உருவாக்கியது, கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி அமைத்த கூடத்தில்தான். அன்று அதற்குப் பெருமுதல் தேவைப்பட்டது. இன்று மென்பொருளுக்குக் காசே வேண்டாம். 'ஆடாசிட்டி' இலவசம். ஆப்பிள் கணினியில் 'கராஜ்பேண்ட்' இலவசம். 'ரீப்பர்' மென்பொருளை 60 நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

எனவே பணத்தை மைக்கில் போடுங்கள். கண்டென்சர் மைக் மெல்லிய ஒலியையும் பிடிக்கும். தெருவில் போகும் வண்டியின் ஹாரனையும் விடாது. பெரும்பாலும் அதற்கு 48 வோல்ட் தரும் இன்டர்ஃபேஸ் பெட்டியும் வாங்க வேண்டும். தேரடி வீதி போன்ற இரைச்சலான இடத்துக்கு டைனமிக் மைக்கே ஏற்றது, யு.எஸ்.பி. வகையானால் நேராகக் கணினியில் சொருகலாம். வாயருகே வைத்துப் பாட வேண்டும்.

வெற்று அறையில் எதிரொலி வரும். மூட்டை அடுக்கிய நம் கிடங்கில் அது குறையும். இதற்குத் தனிச் செலவில்லை.

ஒன்று மட்டும் கட்டாயம். திருட்டு மென்பொருளைப் பில் போடும் கணினியில் ஏற்ற விடாதீர்கள். அதோடு வைரஸ் வந்தால் ஜி.எஸ்.டி. கணக்கும் வரவேண்டிய பாக்கியும் ஒரே நாளில் போய்விடும். இலவசமாகவே நல்லது கிடைக்கும்போது திருட்டுச் சரக்கு எதற்கு?