தடம் அறிந்தவர்கள்

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஆறாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் அறுபத்து மூவர் எழுந்தருளுகிறார்கள். நாயன்மார்களைப் பள்ளிப் பிள்ளைகள் தோளில் சுமந்து வரும் காட்சியைக் கண்டவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த அறுபத்து மூவரில் ஒருவர் கண்ணப்பர். குலத்தால் வேடர், தொழிலும் வேட்டையே. அவருக்குக் கை கூப்புகிற நாம், அதே திருவண்ணாமலையைச் சுற்றிய கிராமங்களின் ஓரத்தில் குடிசை போட்டு வாழும் வேடர்களைப் பற்றி என்ன அறிந்திருக்கிறோம்? இருளர் என்று பெயர் சொல்வோம். பாம்பு பிடிப்பவர்கள் என்போம். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

வேட்டை காட்டும் தொழிலுக்கு உலகமெங்கும் ஒரே ஜாதகந்தான் போலும். 1909-ஆம் வருஷம் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிழக்கு ஆப்பிரிக்காவில் பெரும் வேட்டை நடத்தினார். அதன் பிறகு அந்நாட்டில் தனவந்தர்களுக்குச் சிங்கமும் யானையும் காட்டுகிற வெள்ளைக்கார வேட்டை வழிகாட்டிகளுக்கு ஏக மதிப்பு. துரையின் பெயர் புஸ்தகத்தில் ஏறியது. மண்ணைப் பார்த்தே மிருகம் போன திசையைச் சொன்ன கறுப்பு மனிதரின் பெயர் பெரும்பாலும் ஏறவில்லை. 1977-இல் கென்யா சர்க்கார் வேட்டையை அடியோடு தடை செய்தார்கள். வழிகாட்டிகளில் பலர் துப்பாக்கியை வைத்துவிட்டு, புகைப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு வழி காட்டத் தொடங்கினார்கள்.

நம் நாட்டு இருளருக்கு நேர்ந்ததும் இதுவே. ஆனால் அவர்களிடம் துப்பாக்கியும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஒரு கடப்பாரை, ஒரு துணிப் பை, இரண்டு கண்கள் – இவ்வளவே மூலதனம். வளையின் வாயில் மண் வழவழப்பாக இருக்கிறதா, உரித்த சட்டை எங்கே கிடக்கிறது, எச்சம் பழையதா புதியதா என்று பார்த்து, உள்ளே இருப்பது நல்ல பாம்பா, எலியா, அல்லது ஒன்றுமே இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். நாம் பத்திரிகை படிப்பதுபோல் அவர்கள் தரையைப் படிக்கிறார்கள்.

ஒரு காலத்தில் இந்த வித்தைக்கு நல்ல கிராக்கி இருந்தது. சீமைச் சீமாட்டிகளின் கைப்பைக்கும் பாதரட்சைக்கும் லட்சக்கணக்கான பாம்புத் தோல்கள் இந்தியாவிலிருந்து கப்பலேறின. தோலை உரித்துக் கொடுத்த இருளனுக்குக் கிடைத்தது சில்லறை. வியாபாரிக்குக் கிடைத்தது செல்வம். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடையாயிற்று. பாம்புகளுக்கு அது நல்ல காலம். எலியைத் தின்று நெல்லைக் காப்பவை அவையாதலால் குடியானவனுக்கும் நன்மையே. ஆனால் இருளரின் அடுப்பு அணைந்தது. நேற்றுவரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு வழி பிறந்தது. இருளரிடம் பாம்பு வித்தை கற்றவரும், சென்னையில் பாம்புப் பண்ணையை நிறுவியவருமான ரோமுலஸ் விட்டேகர் துணை நிற்க, 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலி முதலைப் பண்ணையில் அது நடைபெற்றது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் சர்க்கார் அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடித்து வருவார்கள். மண் பானையில் வைத்து, துணியால் வாய் கட்டி, மூன்று நான்கு வாரங்கள் காத்து, வாரம் ஒரு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். பாம்பும் பிழைத்தது, பிடித்தவனும் பிழைத்தான்.

அந்த விஷந்தான் மருந்துக்கு முதல். அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக் கடியால் வருஷத்துக்குச் சுமார் 58,000 பேர் மாண்டதாக ஆராய்ச்சியாளர்கள் கணித்திருக்கிறார்கள். பெரும்பாலோர் கிராமவாசிகள். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும் பகுதியைப் பல வருஷங்களாகத் தந்தவர்கள் இருளரே. கடிபட்டுப் பிழைத்தவர்களில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

அமெரிக்காவில் ப்ளோரிடா மாகாணத்துச் சதுப்புக் காடுகளில், வளர்ப்பாரிடமிருந்து வெளியேறிய பர்மா மலைப்பாம்புகள் பெருகி, முயல் முதலிய பிராணிகளை ஒழித்து வந்தன. 2016-இல் அங்கே ஒரு மாதப் போட்டி வைத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கலந்துகொண்டு 106 பாம்புகளைப் பிடித்தார்கள். அடுத்த வருஷம் செங்கற்பட்டு ஜில்லா இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் அழைக்கப்பட்டார்கள். போன இரண்டு வாரத்துக்குள், துணைக்கு வந்தவர்களோடு 13 பாம்புகளை வெளியே கொண்டுவந்தார்கள். அவற்றில் ஒன்று 16 அடி நீளப் பெண் பாம்பு! மொழி தெரியாத தேசம், அதுவரை அறியாத காடு. ஆனாலும் தரை பேசும் பாஷை அவர்களுக்குப் புரிந்தது. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இருவர் ஏறிய உயரத்தைக் கண்டு நாம் பெருமைப்படுவது நியாயமே. எனினும் சங்கத்தில் இடம் கிடைத்தவர்கள் சில நூறு பேர்தாம். மற்றவர்களுக்கு நேர்ந்தது என்ன? கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் 1976-இல் வந்ததுதான். ஆனால் அதன் பின்னும் வட தமிழ்நாட்டின் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கற் சூளைகளிலிருந்தும் மீட்கப்பட்ட கொத்தடிமைகளில் இருளர் பலர். முன்பணம் என்ற பெயரில் வாங்கிய சிறு தொகைக்காகக் குடும்பமே கட்டுண்டு கிடந்தது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோ, மேல்படிப்புச் சலுகைக்கு ஜாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்காகத் தாலுகா கச்சேரிக்கு நடந்து நடந்து அலுத்தவர்கள் அநேகர்.

தகப்பன் காட்டில் கற்ற வித்தையை மகன் கற்க நேரமில்லை. கச்சேரியில் கேட்கும் காகிதமும் அவன் கையில் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு தலைமுறை நிற்கிறது. தரையைப் படிக்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்குப் புஸ்தகம் படிக்கவும் வழி செய்வது சர்க்காரின் கடமை. அவர்கள் எடுத்துத் தந்த விஷத்தால் உயிர் பிழைத்த கிராமங்களைக் கொண்ட இந்த நாடு, அதைக் கேட்டு வாங்கித் தருவது நம் கடமை.