கறுப்புக் கயிறு

நம் கரக்பூரில் நீண்ட நாள் இருக்கும் அன்பர்களுக்கு விசுவகர்மா பூஜையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. லேத்துக்கும் டிரில்லிங் மெஷினுக்கும் மாலை விழும் நாள் அது. 1981-ஆம் வருடப் பூஜையன்றுதான் நான் முதன்முதலாக பைப் புகைத்தேன். கடைசியாகப் புகைத்ததும் அன்றுதான். இத்தனை வருடம் கழித்து அதை எழுத ஒரு காரணம் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

அப்போது எனக்கு 23 வயது. மெக்கானிகல் டிப்ளமா முடித்து, ரயில்வே ஒர்க்ஷாப்பில் அப்ரண்டிஸ் மெக்கானிக்காகச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஃபோர்மன் ஓர் ஆங்கிலோ-இந்தியர். ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம் இருந்தது. காக்கி அரைக்கால் சட்டை, வாயில் எப்போதும் பைப். எஞ்சின் விடும் சத்தத்தை வைத்தே வால்வு செட்டிங்கில் எங்கே பிழை என்று சொல்லிவிடுவார். என் போன்ற பையன்களுக்கு அவர் தெய்வம்.

அன்று பூஜை முடிய மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. பிரசாதம் வாங்கிவிட்டுத்தான் சாப்பாடு என்று, காலையிலிருந்து ஒரு டீயோடு நின்றிருந்தேன். ஃபோர்மன் மேஜை மேல் கறுப்பாக, எண்ணெய்ப் பளபளப்போடு, விரல் பருமனில் ஒரு கயிற்றுச் சுருள் இருந்தது. அதைக் கையில் எடுத்து, "எந்தப் பம்புக்கு சார் இந்த கிளாண்ட் பேக்கிங்?" என்று கேட்டேன். (நீராவி கசியாமல் இருக்க பிஸ்டன் ராடைச் சுற்றித் திணிக்கும் கிராஃபைட் கயிற்றுக்கு அந்தப் பெயர்.) அவர் சிரித்த சிரிப்பில் பைப் கீழே விழப் பார்த்தது.

அது புகையிலை! வட இங்கிலாந்தில் கெண்டல் என்ற ஊரில் செய்தது. அங்கே குடியேறிவிட்ட அவர் தங்கை அனுப்பியிருந்தார். காட்டமான இலைகளைக் கயிறாகத் திரித்து, சூட்டில் அழுத்திக் கறுப்பாக்குவார்களாம். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் நெருப்புப் பற்ற வைக்கக் கூடாது அல்லவா? அதனால் அந்த நாட்டுச் சுரங்கத் தொழிலாளிகள் இந்தக் கயிற்றில் ஒரு துண்டை வாயில் அடக்கிக்கொண்டு வேலை செய்வது வழக்கம்.

"உனக்கு வேண்டாம் மேன். ஆளைத் தூக்கி அடிக்கும்" என்றார்.

"நான் திண்டுக்கல்காரன் சார். எங்கள் ஊருக்குப் பேரே பூட்டும் புகையிலையும்தான்" என்றேன். அதுவரை ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை என்பதைச் சொல்லவில்லை.

பேனாக் கத்தியால் கயிற்றைக் காசு காசாக நறுக்கி, உள்ளங்கையில் தேய்த்து உதிர்த்து, தன்னிடமிருந்த இன்னொரு பைப்பில் நிரப்பினார். "இதுவும் ஃபயர்பாக்ஸ்தான். இறுக்கினால் டிராஃப்ட் கிடைக்காது. வேகமாக இழுத்தால் சூடேறி நாக்கைச் சுடும். புகையை நெஞ்சுக்குள் இழுக்காதே, வாயோடு விட்டுவிடு. முப்பது வருடமாக நான் அப்படித்தான். எனக்கு ஒன்றும் வராது" என்றார்.

முதல் ஐந்து நிமிடம் ராஜபோகம். பழைய தோல் பெட்டி வாசனையும் விறகுப் புகையும் கலந்தாற்போல் இருந்தது. நாக்கு நுனியில் மிளகுக் காரம். இவ்வளவுதானா என்று கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

பிறகு ஒரு விக்கல் வந்தது. வாயில் எச்சில் ஊறியது. நெற்றியில் வேர்வை, ஆனால் உடம்பு ஜில்லென்றது. ஆள் இல்லாமல் நின்றிருந்த ஓவர்ஹெட் கிரேன் தானாக நகர்ந்தது. எழுந்து நாலு அடி நடந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. தீயணைப்பு மணல் நிரப்பிய சிவப்பு வாளி கைக்கு எட்டிற்று. மீதியை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஃபோர்மனே ஓடி வந்து தலையைப் பிடித்துக்கொண்டு, பிரசாத ரசகுல்லா இரண்டை வாயில் ஊட்டினார். தெளிய இரண்டு மணி நேரம் பிடித்தது.

புகையை உள்ளே இழுக்காமலே எப்படி இந்தப் பாடு? பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். சிகரெட் புகை பொதுவாக அமிலத்தன்மை உள்ளது. அதிலுள்ள நிக்கோட்டின் நுரையீரலுக்குப் போனால்தான் நன்றாக ரத்தத்தில் சேரும். இந்த மாதிரிக் கறுப்புப் புகையிலையின் புகை காரத்தன்மை உள்ளது. வாயின் உட்தோல் வழியாகவே நிக்கோட்டின் இறங்கிவிடும். தோட்டத்தில் ஈரமான புகையிலை பறிப்பவர்களுக்குக் கைத்தோல் வழியாகவே இறங்கி, தலைசுற்றலும் வாந்தியும் வருவது உண்டு.

அன்றோடு புகைக்குக் கும்பிடு போட்டேன். ஆனால் விதி வேறு வழியில் வந்தது. இரண்டு வருடம் கழித்து, நைட் ஷிப்டில் தூக்கம் வராமல் இருக்க ஒரு பிஹாரி ஃபிட்டர் கைனி கொடுத்தார். உள்ளங்கையில் புகையிலையும் சுண்ணாம்பும் வைத்துக் கசக்கி, தட்டி, கீழ் உதட்டுக்குள் ஒரு சிட்டிகை. புகை இல்லை, வாடை இல்லை, வீட்டில் யாருக்கும் தெரியாது. இது சாது என்று நினைத்தேன். பத்து வருடம் போட்டேன்.

1993-இல் கல்கத்தா ஆஸ்பத்திரி ஒன்றில் எங்கள் ஃபோர்மன் படுத்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கீழ் உதட்டில் புற்று. பாதி உதட்டையும் நாக்கில் ஒரு பகுதியையும் எடுத்திருந்தார்கள். பேச முடியாது. என்னைப் பார்த்ததும் கண் மலர்ந்தது. சிலேட்டை எடுத்து எழுதினார்: "நெஞ்சுக்குள் இழுக்கவே இல்லையே, மேன்."

அந்த நிமிடம் என் உதட்டுக்குள் கைனி இருந்தது. வெளியே போய்த் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருக்கு 'நெஞ்சுக்குள் இழுக்கவில்லை' என்ற சமாதானம். எனக்கு 'புகையே இல்லை' என்ற சமாதானம். இரண்டும் ஒன்றுதான். சுண்ணாம்பு செய்வதும் அதே காரவேலைதான். மறு வாரம் டாக்டரிடம் காட்டினேன். உதட்டின் உள்ளே வெள்ளைத் திட்டு. சதை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வரும் வரை பதினோரு நாள் நான் தூங்கவில்லை. பிள்ளைகள் இருவரும் அப்போது பள்ளிக்கூடத்தில். நல்லவேளை, புற்று இல்லை. கைனியை விட்ட சில மாதத்தில் திட்டும் மறைந்தது. ஃபோர்மன் அடுத்த வருடம் காலமானார்.

அவர் அறியாமல் செய்தது அல்ல, யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பைப் பிடிப்பவர்களுக்கு உதட்டில் புற்று வருவதை ஜெர்மன் மருத்துவர் சோமரிங் 1795-லேயே எழுதியிருக்கிறார். அமெரிக்க அரசின் புகழ்பெற்ற 1964-ஆம் வருட அறிக்கையும் அதை உறுதி செய்தது. கரக்பூர் ஒர்க்ஷாப்புக்கு அந்தச் செய்தி வரவில்லை.

இப்போது எழுதக் காரணம் இதுதான். உணவுப் பண்டத்தில் புகையிலை சேர்க்கக் கூடாது என்று 2011-இல் விதி வந்தது. ஆனால் பான் மசாலா ஒரு பொட்டலம், ஜர்தா ஒரு பொட்டலம் என்று தனித்தனியாக வாங்கிக் கலந்துகொள்கிறார்கள். நம் சங்கப் பொங்கல் விழாவில் பந்தல் கட்டிய பிள்ளைகள் இருவர் அப்படிக் கலப்பதைப் பார்த்தேன். "மாமா, இது லைட்தான்" என்றார்கள். காட்டமான கயிறு என்னை ஒரே நாளில் விரட்டியது. லைட்டானதுதான் பத்து வருடம் பிடித்து வைத்திருந்தது.

பிள்ளைகளே, கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாள் மாலை வீட்டுக்கு வாருங்கள். டீ குடித்துக்கொண்டே அந்தச் சிலேட்டைப் பற்றி இன்னும் சொல்கிறேன்.