பாட்டியின் கண் அளவும் இட்லி மாவின் அறிவியலும்

மாணவர்களே, இட்லி மாவுக்கு எவ்வளவு உளுந்து போட வேண்டும் என்று உங்கள் பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். "நாலு டின் அரிசிக்கு ஒரு டின் உளுந்து. வெந்தயம் கொஞ்சம். உப்பு கையளவு. ராத்திரி கரைச்சு வச்சிட்டா காலையில பொங்கிடும்." பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்.

எந்த டின்? கொஞ்சம் என்றால் எத்தனை கிராம்? யாருடைய கை? காலையில் பொங்காவிட்டால் என்ன செய்வது? இவை எல்லாவற்றுக்கும் பாட்டியிடம் விடை உண்டு. ஆனால், அந்த விடை எந்தத் தாளிலும் இல்லை. அவருடைய கையிலும் கண்ணிலும் மூக்கிலும் இருக்கிறது.

இதில்தான் சிக்கல். தோட்டப்புற வீடுகளில் ஆட்டுக்கல்லில் மாவரைத்துப் பழகிய தலைமுறைக்கு வயதாகிவிட்டது. நாம் கடையில் மாவுப் பொட்டலம் வாங்கப் பழகிவிட்டோம். பாட்டிக்குத் தெரிந்ததை நாம் குறித்து வைக்காவிட்டால், அது அவரோடு போய்விடும். எனவே, இந்த வாரம் அந்தக் குறிப்பை வரிக்கு வரி அறிவியல் கண்கொண்டு படிப்போம். பிறகு, அதை எழுதி வைக்கும் முறையையும் பார்ப்போம்.

மாவுக்குள் யார் வேலை செய்கிறார்கள்?

ரொட்டி மாவு உப்புவதற்கு ஈஸ்ட் சேர்க்கிறோம். இட்லி மாவில் நாம் எதையும் சேர்ப்பதில்லை. பிறகு எப்படிப் பொங்குகிறது?

1965ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கேள்விக்கு விடை வெளியிட்டார்கள். மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு வகிப்பது 'லியூகோநாஸ்டாக் மெசென்டராய்டிஸ்' என்ற பாக்டீரியா என்று அவர்கள் கண்டறிந்தார்கள். இது உளுந்தோடும் அரிசியோடும் இயற்கையாகவே ஒட்டிக்கொண்டு வருகிறது. ஊறவைத்து அரைத்ததும் அதற்கு நீரும் உணவும் கிடைக்கின்றன. மாவிலுள்ள சர்க்கரையை உண்டு, லாக்டிக் அமிலத்தையும் கார்பன் டைஆக்சைடு வாயுவையும் வெளியிடுகிறது. அமிலம் புளிப்பைத் தருகிறது. வாயு மாவைப் பொங்க வைக்கிறது.

நேரம் ஆக ஆக, அமிலத்தை இன்னும் நன்றாகத் தாங்கக்கூடிய வேறு லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. அரைத்தபோது 6க்கு மேல் இருந்த பி.எச். அளவு, நன்கு புளித்த மாவில் சுமார் 4.5க்கு இறங்கிவிடும். உணவைக் கெடுக்கும் பல நுண்ணுயிரிகளால் இந்த அமிலத்தில் பெருக முடியாது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில், மாவைப் பாதுகாத்தது இந்தப் புளிப்புதான்.

இன்னொரு நன்மையும் உண்டு. பருப்பிலும் தானியத்திலும் உள்ள ஃபைட்டிக் அமிலம், இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைத்துக்கொண்டு, நம் உடல் அவற்றை உறிஞ்சாமல் தடுக்கும். ஊறவைத்துப் புளிக்க வைக்கும்போது அதன் அளவு குறைகிறது.

உளுந்துக்கு என்ன தனிச் சிறப்பு?

கடலைப் பருப்பிலும் பாக்டீரியா இருக்கும். அதைப் புளிக்க வைத்தாலும் வாயு வரும். ஆனால், பஞ்சு போன்ற இட்லிக்கு வாயு உண்டானால் மட்டும் போதாது. அது வெளியேறாமல் மாவுக்குள்ளேயே நிற்கவும் வேண்டும்.

உளுந்தை அரைக்கும்போது கையில் வழுவழுப்பாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அராபினோகாலக்டன் என்ற கூட்டுச் சர்க்கரைப் பொருளே அதற்குக் காரணம். அது மாவைக் கெட்டியாகவும் இழுவையாகவும் ஆக்குகிறது. உளுந்திலுள்ள குளோபுலின் வகைப் புரதங்கள், குமிழிகளைச் சுற்றி மெல்லிய தோல்போல் படிகின்றன. இரண்டும் சேர்ந்து ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு பலூன்களை உருவாக்குகின்றன. இட்லிச் சட்டியின் நீராவி பட்டதும் அந்தக் குமிழிகள் விரிகின்றன, அரிசி மாவுச்சத்து நீரை உறிஞ்சிக் குழைகிறது, புரதம் இறுகுகிறது. குமிழிகள் இருந்த இடமெல்லாம் துளைகளாக நின்றுவிடுகின்றன.

உளுந்து பதமாக அரைபட்டதா என்று பார்க்க, பாட்டி ஒரு துளி மாவைக் கிள்ளித் தண்ணீரில் போடுவார். மிதந்தால் பதம் சரி. இது நீங்கள் பாடத்தில் படித்த அடர்த்திச் சோதனையேதான். போதுமான காற்று மாவுக்குள் சேர்ந்திருந்தால், அதன் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடக் குறைந்துவிடும்.

வெந்தயமும் கல்லும்

"வெந்தயம் கொஞ்சம்" என்பதிலும் பொருள் உண்டு. வெந்தயத்தில் காலக்டோமன்னன் என்ற பசைப்பொருள் இருக்கிறது. ஊறியதும் கொழகொழவென்று ஆகும். உளுந்தின் வேலைக்கு அது துணை நின்று, வாயுவைப் பிடித்துவைக்க உதவுகிறது. அதிகமானால் கசக்கும், அதனால்தான் "கொஞ்சம்".

சில வீடுகளில் பழைய சோறு ஒரு பிடி சேர்த்து அரைப்பார்கள். சோற்றிலுள்ள மாவுச்சத்து ஏற்கெனவே வெந்து குழைந்தது. அது நீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் இட்லி மென்மையாக வரும்.

ஆட்டுக்கல்லில் அரைத்த மாவின் ருசியே தனி என்று பெரியவர்கள் சொல்வது, பழசை நினைத்து ஏங்கும் பேச்சு மட்டும்தானா? கல் மெதுவாகச் சுழல்கிறது. உளுந்தை நசுக்கி அரைக்கிறது. காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. மாவும் அதிகம் சூடாவதில்லை. பிளெண்டரின் கத்தியோ அதிவேகமாகச் சுழன்று, உராய்வினால் மாவைச் சூடாக்குகிறது. மாவு அளவுக்கு மீறிச் சூடானால், நமக்கு வேண்டிய பாக்டீரியாக்களில் ஒரு பகுதி அழிந்துவிடக்கூடும். பிளெண்டரில் அரைப்பவர்கள் குளிர்ந்த நீர் ஊற்றுவதும், விட்டு விட்டு அரைப்பதும் இதனால்தான்.

'ஒரு ராத்திரி' என்பது எத்தனை மணி நேரம்?

கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ இரவு கரைத்து வைத்த மாவு, காலையில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். அதே குறிப்பை அப்படியே கேமரன் மலைக்குக் கொண்டுபோனால், காலையில் மாவு வைத்தபடியே கிடக்கலாம். குறிப்பில் தவறில்லை. வெப்பநிலைதான் வேறு. சமவெளியில் இரவிலும் 25 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். மலையில் அது 20 பாகைக்கும் கீழே இறங்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு பாக்டீரியா, மணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிவதாக வைத்துக்கொள்ளுங்கள். 10 மணி நேரத்தில் ஒன்று 1,024 ஆகிவிடும். குளிரில் அதே பாக்டீரியா 2 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் பிரிகிறது என்றால்? அதே 10 மணி நேரத்தில் 32தான். வேகம் பாதியாகக் குறைந்தது. எண்ணிக்கையோ 32 மடங்கு குறைந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டியில் மாவு பல நாள் தாங்குவதற்கும் இதுவே காரணம். அங்கேயும் புளிப்பு முழுவதும் நின்றுவிடுவதில்லை. மிக மெதுவாக நடக்கிறது.

ஆகவே, "ஒரு ராத்திரி" என்ற அளவு, பாட்டி வாழ்ந்த ஊரின் வெப்பநிலைக்குப் பொருந்திய அளவு. நாளை நீங்கள் படிப்புக்காக மெல்பர்னுக்கோ லண்டனுக்கோ போனால், குளிர்காலத்தில் அந்த அளவு உதவாது. பாட்டியின் சமையலறையில் எத்தனை பாகை, எத்தனை மணி நேரம் என்று தெரிந்திருந்தால், வெதுவெதுப்பான இடமொன்றைத் தேடி மாவை வைத்துச் சமாளித்துவிடுவீர்கள்.

கைராசி உண்மையா?

"அவங்க கை பட்டாத்தான் மாவு பொங்கும்" என்று வீட்டில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம்; அப்படியே நம்பிவிடவும் வேண்டாம்.

புளிக்க வேண்டிய பாக்டீரியா முக்கியமாக உளுந்திலிருந்தும் அரிசியிலிருந்தும் வருவதால், கரண்டியால் கலக்கினாலும் மாவு பொங்கும். அப்படியானால் கைக்கு எந்தப் பங்குமே இல்லையா? இட்லியில் இல்லாவிட்டாலும், ரொட்டியில் இதைப் போன்ற கேள்வியை ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் வெளியான அந்த ஆய்வில், பல நாடுகளைச் சேர்ந்த 15 ரொட்டித் தயாரிப்பாளர்களுக்கு ஒரே வகை மாவு கொடுக்கப்பட்டது. ஒவ்வொருவரும் அதைப் புளிக்க வைத்தார்கள். ஒரே மாவாக இருந்தும், ஒவ்வொருவருடைய புளித்த மாவிலும் நுண்ணுயிரிகளின் கலவை ஓரளவு வேறுபட்டது. அவர்களுடைய கைகளிலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தன. கையிலிருந்து மாவுக்குப் போனதா, மாவிலிருந்து கைக்கு வந்ததா? இரண்டும் நடந்திருக்கலாம். நாள்தோறும் மாவில் புழங்கும் கை மற்றக் கைகளைப் போன்றதல்ல என்பது மட்டும் தெளிவு.

கைராசியில் இன்னொரு பங்கும் இருக்கிறது. அனுபவமுள்ள கை, மாவின் கெட்டித்தன்மையைத் தொட்டதும் அறிந்துகொள்ளும். உளுந்து பழையதா புதியதா என்பதைப் பொறுத்து, அன்றைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று முடிவு செய்யும். அளவுகோல் இல்லாமலே நாற்பது, ஐம்பது ஆண்டுகளாகச் செய்துவந்த சோதனைகளின் பலன் அது.

குறிப்பு மாறாமல்தான் வந்ததா?

வழிவழியாக வந்தது என்றால் அப்படியே வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 10ஆம் நூற்றாண்டின் கன்னட நூலான 'வட்டாராதனெ', 'இட்டலிகெ' என்ற உணவைக் குறிப்பிடுகிறது. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' என்ற சமஸ்கிருத நூலிலும் இதைப் போன்றதோர் உணவு வருகிறது. ஆனால், அந்தப் பழைய குறிப்புகளில் உளுந்து மட்டுமே இருக்கிறது. அரிசி இல்லை என்கிறார் உணவு வரலாற்றாளர் கே.டி. அச்சயா. அரிசி பிறகுதான் சேர்ந்தது. இடையில் யாரோ ஒருவர் மாற்றிப் பார்த்தார், நன்றாக வந்தது, மற்றவர்களும் பின்பற்றினார்கள். உங்கள் வீட்டுக் குறிப்பிலும் அப்படிப்பட்ட மாற்றங்கள் இருக்கும். எதை, ஏன் மாற்றினார்கள் என்று கேட்டால், உங்கள் குடும்பத்தின் வரலாறும் கூடவே வெளிவரும்.

இந்த வார ஆய்வு: உங்கள் சமையலறையில்

பாட்டி, அம்மா, அப்பா, பெரியம்மா என்று வீட்டில் யார் மாவரைத்தாலும் சரி. அவர்களிடம் அளவு கேட்காதீர்கள். அவர்கள் வழக்கம்போல் செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று அளந்து எழுதுங்கள்.

1. அவர்கள் அள்ளும் அரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு ஆகியவற்றைப் பாத்திரத்தில் சேர்வதற்கு முன் தராசில் வைத்துக் கிராமில் எழுதுங்கள். தண்ணீரை மில்லிலிட்டரில் அளந்துகொள்ளுங்கள்.

2. ஊறிய நேரம், அரைத்த நேரம், கரைத்து வைத்த நேரம், அறை வெப்பநிலை நான்கையும் குறியுங்கள்.

3. ஒரே அளவிலான மூன்று கண்ணாடிப் புட்டிகளில் சம அளவு மாவை, பாதிக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். ஒன்றைப் பாட்டி கையால் கலக்கட்டும். இன்னொன்றை நீங்கள் கையால் கலக்குங்கள். மூன்றாவதைக் கொதிநீரில் போட்டு எடுத்த கரண்டியால் கலக்குங்கள். இருவரும் முன்னதாகக் கையை நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கிவிடாதீர்கள், வாயு வெளியேற வழி வேண்டும்.

4. மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் வளையம் மாட்டுங்கள். தூங்கும் முன்பும், எழுந்ததும், பிறகு மணிக்கு ஒருமுறையும் உயரத்தை அளந்து வரைபடம் வரையுங்கள்.

5. அடர்த்தியையும் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, 600 கிராம் எடையுள்ள 500 மில்லிலிட்டர் மாவின் அடர்த்தி, மில்லிலிட்டருக்கு 1.2 கிராம். அது 1,000 மில்லிலிட்டராகப் பொங்கினால் 0.6 கிராம். பள்ளி ஆய்வகத்தில் பி.எச். தாள் கிடைத்தால் புளிப்பையும் அளக்கலாம்.

இந்தச் சோதனையில் தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள் எவை என்று நீங்களே எழுதிப் பாருங்கள். ஒருமுறை செய்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். குறைந்தது மூன்று முறை செய்தால்தான் கைராசியைப் பற்றிப் பேச உங்களிடம் சான்று இருக்கும். மாவில் பூஞ்சை படர்ந்தாலோ கெட்ட வாடை வந்தாலோ, சுவைத்துப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள்.

கடைசியாக, எண்களால் எழுத முடியாதவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மாவு பதமானதும் என்ன ஓசை கேட்கும், எப்படி மணக்கும், கையில் எப்படி வழியும் என்று பாட்டியையே சொல்லச் சொல்லி, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தேதியையும் பாட்டியின் பெயரையும் மேலே குறிப்பிட மறக்காதீர்கள். எந்த ஆய்வுக் குறிப்பிலும் அதைச் செய்தவரின் பெயர் முதலில் இருக்க வேண்டும்.