ஆனவண்டிக்கு யார் படம் எடுப்பது?

ரயிலையும் பஸ்ஸையும் விளம்பரப்படுத்த பிரிட்டிஷ் அரசு எடுத்த குறும்படங்கள் இன்று கலைப் பொக்கிஷம். வித்துராவில் அதே வேலையைப் பயணிகளின் செல்போன் செய்கிறது, பாதி வேலையை மட்டும்.

பொன்முடிக்குப் போகிறவர்களுக்கு வித்துரா ஒரு டீ குடிக்கும் இடம், அவ்வளவுதான். திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகச் சுமார் 40 கி.மீ. வந்தால் ஊர் வந்துவிடும். அப்புறம் கல்லாறு, 22 கொண்டை ஊசி வளைவுகள், மேலே மூடுபனி. ரயில் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. அரசு பஸ்தான் இங்கே எல்லாம். கேரள அரசு முத்திரையில் இரண்டு யானைகள் நிற்பதால் அந்த பஸ்ஸுக்கு மலையாளிகள் வைத்த செல்லப் பெயர் ‘ஆனவண்டி’.

ஆனவண்டிக்கு இப்போது ரசிகர் கூட்டமே உண்டு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டைப் பிடித்து, முன் கண்ணாடி வழியாக வளைவுகளையும் மழையையும் செல்போனில் படம் பிடித்து உலகத்துக்குக் காட்டுகிறார்கள். 2021 நவம்பரில் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் ‘பட்ஜெட் டூரிசம்’ என்ற பிரிவைத் தொடங்கி, டிப்போக்களிலிருந்து மலைக்கும் காயலுக்கும் குறைந்த செலவில் சுற்றுலா நடத்த ஆரம்பித்தது. பயணிகள் எடுக்கும் படங்கள் அதற்கு இலவச விளம்பரம்.

இதையே பிரிட்டிஷார் ஒரு காலத்தில் சம்பளம் கொடுத்து ஆள் வைத்துச் செய்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரயில், கால்வாய், லண்டன் பஸ் எல்லாவற்றையும் நாட்டுடைமையாக்கி 1948-ல் ஒரே ஆணையத்தின் கீழ் கொண்டுவந்தது லண்டன் அரசு. மறு ஆண்டே அந்த ஆணையத்துக்கென்று ஒரு படப்பிரிவு பிறந்தது. பெயர் பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் ஃபிலிம்ஸ். தலைவர் எட்கர் ஆன்ஸ்டி, டாகுமெண்டரி உலகின் பழம்பெரும் ஆசாமி. ஏறத்தாழ 700 படங்கள் வெளிவந்தன. தியேட்டர்களில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடின. பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் 16 மி.மீ. பிரதிகள் போயின.

டிக்கெட் விற்கத்தான் படம். ஆனால் ‘வாங்க, டிக்கெட் எடுங்க’ என்று அவை கூவுவதில்லை. ஒரு மலைக் கிராமத்தை, ஒரு கடற்கரையை, சிக்னல் அறையில் உட்கார்ந்திருக்கும் ஊழியரை நிதானமாகக் காட்டும். பார்த்தவனுக்குப் போக வேண்டும் என்று தானாகத் தோன்ற வேண்டும். ஜான் ஷ்லெசிங்கர் 1961-ல் எடுத்த ‘டெர்மினஸ்’ லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனில் ஒரு நாள், அவ்வளவுதான் கதை. வெனிஸ் விழாவில் பரிசு வாங்கியது. அதில் தாயைத் தொலைத்துவிட்டு அழும் சிறுவனைப் பார்த்துக் கலங்காதவர் இல்லை. படத்துக்காக அவனை வேண்டுமென்றே தனியாக விட்டார்கள் என்ற விஷயம் பிறகு தெரியவந்தது. இன்றைக்கானால் வழக்கு வந்திருக்கும்.

இன்னொரு படம் ஆனவண்டி ரசிகர்கள் அவசியம் பார்க்க வேண்டியது. தலைப்பே ‘யானை ஒருபோதும் மறக்காது’! லண்டனின் கடைசி டிராம் 1952 ஜூலையில் ஓய்வு பெற்றபோது ஜான் கிரிஷ் எடுத்த படம். மேலிடம் விரும்பியது விடைபெறும் விழாவை மட்டும். கிரிஷோ டிராமில் ஏறி உட்கார்ந்த கிழவனையும் கிழவியையும், தெருவில் கூடி வழியனுப்பிய ஜனங்களையும் சேர்த்துப் பதினோரு நிமிடப் படமாக்கினார். வேலை போயிற்று. படம் நிலைத்துவிட்டது. ஒரு வண்டி நின்றுபோவதைப் பற்றி அரசாங்கப் பணத்தில் எடுத்த படம் ஜனங்களின் துக்கத்தைப் பேசியதை மேலிடத்தால் ஜீரணிக்க முடியவில்லை என்பதுதான் விஷயம்.

அந்த முரண்பாடு 1963-ல் உச்சத்துக்குப் போனது. ஜெஃப்ரி ஜோன்ஸ் எடுத்த எட்டு நிமிட ‘ஸ்னோ’ அந்த வருடப் படம். பனியைக் கிழித்துக்கொண்டு ரயில் ஓடும், தண்டவாளத்தில் ஊழியர்கள் மண்வெட்டியோடு நிற்பார்கள், தாளம் ஏற ஏற வேகமும் ஏறும். ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அதே வருடம் மார்ச்சில் ரயில்வே தலைவர் டாக்டர் பீச்சிங் ஓர் அறிக்கை வைத்தார்: லாபமில்லாத 2,363 ஸ்டேஷன்களையும் சுமார் 5,000 மைல் பாதையையும் மூடிவிடலாம். அந்த அறிக்கையை விளக்கவும் இதே பிரிவுதான் படம் எடுத்தது! முதல் நாள் கிராமத்து ஸ்டேஷனின் அழகு, மறுநாள் அதற்குப் பூட்டு.

லண்டன் கதை திருவனந்தபுரத்துக்கு அந்நியமல்ல. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் காலத்தில் திருவாங்கூர் சமஸ்தானம் சொந்தமாக பஸ் விட முடிவு செய்து, லண்டன் போக்குவரத்து வாரியத்தில் அதிகாரியாக இருந்த இ.ஜி. சால்ட்டரை 1937-ல் அழைத்து வந்தது. அவர் விட்டுவந்த வாரியம் லேசுப்பட்டதல்ல. ஃபிராங்க் பிக் என்ற நிர்வாகி அங்கே ஓவியர்களை வைத்துப் போஸ்டர் அடித்து, ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக்கு பஸ் ஏறும் பழக்கத்தை லண்டன்வாசிகளுக்கு ஏற்படுத்தியவர்.

இங்கிலாந்திலிருந்து 60 சேசிஸ் வந்தது, பெர்கின்ஸ் டீசல் எஞ்சினோடு. பாடி கட்டியது உள்ளூர் ஊழியர்கள். 1938 பிப்ரவரி 20-ம் தேதி மகாராஜா சித்திரைத் திருநாள் குடும்பத்தோடு ஏறிக்கொள்ள, முதல் பஸ்ஸை கவடியாருக்கு ஓட்டிக்கொண்டு போனவர் சால்ட்டரே. மறுநாள் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி சர்வீஸ் தொடங்கியது. மைலுக்கு அரைச் சக்கரம் கட்டணம்.

நாஞ்சில் நாட்டுத் தமிழர்களுக்கு அந்த சர்வீஸ் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு தேதி போதும்: திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தது 1979-ல். அதுவரை 41 ஆண்டுகள் பஸ்தான். நடுவில் 1956-ல் மாவட்டமே தமிழகத்துக்கு வந்தது.

சுதந்திர இந்தியாவில் டாகுமெண்டரி எடுக்கும் பொறுப்பு 1948-ல் பிறந்த ஃபிலிம்ஸ் டிவிஷனிடம் போனது. அணை, உருக்காலை, ரயில் எஞ்சின் எல்லாம் திரையில் வந்தன. தியேட்டர்கள் கட்டாயம் போட்டாக வேண்டும் என்பதால் ரசிகர்கள் அந்த நேரத்தை சிகரெட்டுக்கு ஒதுக்கினார்கள். எஸ்.என்.எஸ். சாஸ்திரி, சுக்தேவ் போன்ற அபார திறமைசாலிகள் அங்கே இருந்தும், பார்த்தவனை டிக்கெட் கவுண்டருக்கு இழுக்கும் கலை அங்கே வளரவில்லை. 2022-ல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டது.

கேரளத்தில் பஸ்ஸுக்கு மவுசு ஏற்றியது வணிக சினிமா. ஏ.பி. ராஜ் இயக்கி பிரேம் நசீரும் ஷீலாவும் நடித்த ‘கண்ணூர் டீலக்ஸ்’ (1969) அரசு பஸ்ஸிலேயே கண்ணூருக்கும் தலைநகருக்கும் இடையே ஓடும் கதை. தமிழில் அதற்கு மூன்று வருடம் முன்பே ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ வந்து சிரிக்க வைத்தது. ஆனால் அசல் விளம்பரப் படம் என்றால் 2012-ல் வந்த ‘ஆர்டினரி’. குஞ்சாக்கோ போபன் கண்டக்டர், பிஜு மேனன் டிரைவர், காட்டுக்குள் இருக்கும் கவிக்குப் போகும் அரசு பஸ். படம் ஓடியது, கவிக்குக் கூட்டம் அலைமோதியது. பத்தனம்திட்டாவிலிருந்து காட்டு மக்களையும் தோட்டத் தொழிலாளிகளையும் ஏற்றிப்போன பஸ்ஸில் சுற்றுலாப் பயணிகள் சீட்டுப் பிடித்தார்கள். பின்னாளில் கழகமே கவிக்குச் சுற்றுலா நடத்தியது.

வித்துராவுக்கு அப்பால் இருக்கும் போணக்காடு அதே பாதையில் போகிறது. தமிழர்களுக்கு இது தெரிந்த பெயர். அகஸ்தியர்கூட மலை ஏறுகிறவர்கள் புறப்படும் இடம். தேயிலை பறிக்கத் தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய தோட்டமும் இதுதான். தோட்டம் முடங்கிப் பல வருடமாகிறது. லயன் வீடுகள் இடிந்துகொண்டிருக்கின்றன. மிச்சமிருப்பவர்கள் ஆஸ்பத்திரிக்கும் ரேஷனுக்கும் பள்ளிக்கும் வித்துராவுக்குத்தான் இறங்கி வர வேண்டும், தினமும் வந்துபோகும் சில டிரிப் பஸ்களில்.

இணையத்தில் போணக்காடு என்று தேடினால் வருவது வேறு. தோட்டத்துப் பழைய துரை பங்களாவில் பேய் இருக்கிறதாம்! இருட்டில் டார்ச் அடித்து எடுத்த வீடியோக்கள் ஏராளம். பக்கத்து லயனில் உயிரோடு இருப்பவர்கள் அவற்றில் அதிகம் தலைகாட்டுவதில்லை.

கழகத்தைக் குறை சொல்வது எளிது. கடன், தாமதமாகும் சம்பளம், ஓய்வூதியம் கேட்டுப் போராட்டம் என்று அதன் நெருக்கடி கேரளத்தில் பழைய செய்தி. சுற்றுலா பஸ் பணம் கொண்டுவருகிறது. நஷ்டத்தில் ஓடும் மலை பஸ்ஸுக்கு அதிலிருந்து டீசல் போட முடியுமானால் நல்லதுதான். பீச்சிங் போட்ட கணக்கில் ஸ்டேஷனுக்கு எத்தனை டிக்கெட் என்ற கேள்வி இருந்தது, அந்த ஊருக்கு வேறு என்ன வழி என்ற கேள்விக்கு அவ்வளவு இடமில்லை. போணக்காட்டுக்கு வேறு வழி ஜீப்தான். அதற்குக் கொடுக்கும் வாடகை அங்கே ஒரு குடும்பத்துக்குச் சின்னத் தொகையல்ல.

பிரிட்டிஷ் படங்கள் இன்று பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் பாதுகாப்பில் இருக்கின்றன. டிவிடியாகவும் விற்கின்றன. பீச்சிங் மூடிய பாதைகளில் ஓடிய ரயில்களை வெள்ளைக்காரத் தாத்தாக்கள் அவற்றில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போணக்காட்டு பஸ் இன்னும் நிற்கவில்லை. மாலையில் வித்துராவிலிருந்து புறப்படும்போது அரிசி மூட்டைகளோடும் பள்ளிப் பைகளோடும் ஏறுகிறவர்களுக்கு அது சுற்றுலா அல்ல.